மூன்றாவது மிதி

முதலில் கண் விழித்தது, அப்புறம் காது, அதற்கப்புறம் வலி. ஜெபசிங் மட்டும் இன்னும் விழிக்காதவன்போலக் கிடந்தான். அசையாமல் கிடந்தால் வலிக்குத் தான் இருப்பது தெரியாமல் போய்விடும் என்று பதினேழு வருஷமாக அவனுக்கு ஒரு நப்பாசை. தெரியாமல் இருக்குமா? அது அவனுக்கு முன்பே எழுந்து பல் விளக்கிவிட்டு உட்கார்ந்திருக்கிற ஜென்மம். இடுப்புக்குக் கீழே இரண்டு பக்கமும் கடப்பாரை இறங்கியது, நெம்பியது, நெம்பின இடத்திலேயே நின்றது. முதுகு இருக்கவேண்டிய இடத்தில் பலகை. சன்னல் பக்கம் வெளுத்துவிட்டதா என்று பார்க்கத் தலையைத் திருப்ப வேண்டும், தலையைத் திருப்பத் தோளைத் திருப்ப வேண்டும், தோளைத் திருப்ப ஒட்டுமொத்த ஆளையும் புரட்ட வேண்டும், ஆகவே மணி ஐந்தே கால் இருக்கும் என்று பார்க்காமலே முடிவுகட்டிக்கொண்டான். அடுக்களையில் இஞ்சி தட்டுகிற சத்தம். டக் டக் டக். எப்சிபா எழுந்துவிட்டாள். போகிறவள் எதற்கு இஞ்சி தட்டுகிறாள்? பெண்டாட்டி அவள், இருபது வருஷப் பெண்டாட்டி, “காலைல முத பஸ்ஸுக்கு நாசரேத்துக்குப் போறேன், எங்கம்மை வீட்டுக்கு” என்று ராத்திரி விளக்கை அணைக்கும்போது சொன்னாள். அழுகை கிடையாது, கோபம் கிடையாது, நாளைக்குப் பால் வேண்டாம் என்று பால்காரனிடம் சொல்கிற குரல். முதல் பஸ் ஆறு பத்துக்கு. அதை அவனுக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை, எட்டு வருஷம் அந்தப் பஸ்ஸை ஓட்டியவனே அவன்தான். ஆறு பத்துக்குள் எழுந்து, பதினாலு எட்டு வைத்து, அடுக்களை நிலைக்குப் போய், அவளிடம் ஒரே ஒரு உண்மையைச் சொல்ல வேண்டும். மற்றவனுக்கு அது அரை நிமிஷ வேலை.

முட்டியை மடக்கு. பிசியோதெரபிப் பெண் சொல்லிக்கொடுத்த வரிசை அது, மகள் வயசுதான் இருக்கும், கையில் எப்போதும் ஒரு டேப்பு. முதலில் வலது முட்டி, பிறகு இடது முட்டி, இரண்டையும் சேர்த்து இழுத்துவிடாதே. இழுத்தான். இடுப்புக்குள் எதுவோ பல்லைக் கடித்தது. அந்தப் பெண் மார்பைச் சுற்றி டேப்பு வைத்து “மூச்ச நல்லா இழுங்க சார்” என்பாள், இழுத்தால் ஒன்றரை விரற்கடை விரியும், அவ்வளவுதான், விலாவெலும்பும் முதுகோடு சேர்ந்து கோஷ்டி கட்டிவிட்டது. “பரவாயில்ல சார், போன மாசத்துக்கு இது கூட.” அந்த டேப்பைப் பிடுங்கி அவள் கழுத்தில் சுற்ற வேண்டும்போல இருக்கும். நல்ல பிள்ளை, பாவம். ஆனால் வலிக்கிறவனுக்கு நல்ல பிள்ளைகளைப் பார்த்தால்தான் கை பரபரக்கிறது. பரவாயில்லை என்று சொல்கிறவன் ஒவ்வொருவனையும் நிறுத்திவைத்து இந்தக் கடப்பாரையை ஒரு தடவை, ஒரே தடவை, அவனவன் இடுப்பில் இறக்கிக் காட்ட வேண்டும். மூட்டுவாத டாக்டரை முதலில். ஃபேன் காற்று பட்டால் சரியாகாது என்று சொன்ன மேல்வீட்டுக்காரனை அடுத்து. மாத்திரையைக் கையில் தரும்போது “சின்ன வயசுதான, இதுக்குள்ளயா” என்ற மருந்துக்கடைக்காரனை அந்தக் கடைக்குள்ளேயே வைத்து. இப்படி வரிசையாகக் கொன்றுகொண்டே வந்தால் வரிசையில் கடைசியாக நிற்பது யாரென்று அவனுக்குத் தெரியும், அதனால் நடுவில் நிறுத்திக்கொண்டான். இடது முட்டி மேலே வந்திருந்தது.

எப்சிபா காலால் பிறந்தவள். தலைக்கு முன்னால் கால் வந்த பிள்ளை மிதித்தால் இடுப்புப் பிடிப்பு விட்டுப்போகும் என்பது அவர்கள் பக்கத்தில் கோவிலுக்குப் போகிறவன், சர்ச்சுக்குப் போகிறவன் வித்தியாசமில்லாமல் எல்லோரும் ஒத்துக்கொண்ட ஒரே விஷயம். இடது கால். மூன்று மிதி. கூடவும் கூடாது, குறையவும் கூடாது. நிலைப்படியில் குப்புறப் படுக்க வேண்டும், மிதிக்கிற ஆள் வாயைத் திறக்கக் கூடாது, மிதி வாங்குகிறவன் ஒன்று, இரண்டு, மூன்று என்று வாய்விட்டு எண்ண வேண்டும். ஏழு வயசில் ஆராதனை முடிந்து வந்த ஞாயிற்றுக்கிழமைகளில் அவளுக்குக் கவுனைக்கூட மாற்றவிடாமல் அவள் அப்பா வாசலில் நிறுத்திவிடுவார். தடித்தடியான ஆண்கள் சட்டையைக் கழற்றிவிட்டு வரிசையாகப் படுப்பார்கள், மூக்குப்பொடி நாற்றம், வியர்வை நாற்றம். மிதித்ததும் எழுந்து இடுப்பை ஆட்டிப் பார்த்துவிட்டு ஒரு சீப்பு வாழைப்பழத்தை வைத்துவிட்டுப் போவார்கள். பள்ளிக்கூடத்தில் அவளுக்கு மிதிக்காரி என்றே பேர். கணக்கு வாத்தியார் ஒருநாள் வந்து படுத்தாராம், முந்தின நாள்தான் பிரம்பால் விளாசியிருக்கிறார், இவள் பல்லைக் கடித்துக்கொண்டு ஏறிக் குதித்த குதியில் ஆள் செத்தான் என்று நினைத்தாளாம், அவர் எழுந்து “பிள்ளைக்கு நல்ல ராசிக் காலு” என்று சொல்லிவிட்டுப் போனாராம். கல்யாணமான மூன்றாம் நாள் இதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தாள். சிரித்துவிட்டு, “உங்களுக்கு இடுப்பு வலி ஒண்ணும் கெடையாதே?” என்றாள். கிடையாது என்றான் இருபத்துநாலு வயசுக் காளை. “வந்தாலும் எங்கிட்ட சொல்லாதீங்க என்ன. இந்தக் கால வச்சு நான் நடக்க மட்டும்தான் செய்யணும்.” மூன்று வருஷம் கழித்து வந்தது. சொன்னான். அவள் ஒரு நிமிஷம் காலைப் பார்த்தாள், பிறகு சன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு ஏறினாள்.

ஒருக்களி. ஆள் மொத்தமாகப் புரள வேண்டும், தோளும் இடுப்பும் ஒரே நேரத்தில், பீரோவைப் புரட்டுகிற மாதிரி. ஒண்ணு, ரெண்டு என்று தனக்குள் எண்ணிப் புரண்டான். கண்ணுக்குள் வெள்ளையாக வெடித்தது. கத்தவில்லை. கத்துவதற்கு மூச்சு வேண்டும். அப்படியே பக்கவாட்டில் கிடந்து சுவரைப் பார்த்தான், இப்போது சன்னல் தெரிந்தது, வெளுத்திருந்தது. முந்தாநாள் இதே மாதிரி ஒரு சன்னல் வெளிச்சத்தில்தான் டாக்டர் அவனுடைய எக்ஸ்ரே படத்தைத் தூக்கிப் பிடித்தார். கணு கணுவாக இருக்கவேண்டிய எலும்பு கீழிருந்து மேல்வரை ஒன்றோடொன்று ஒட்டி ஒரே மூங்கில் கழியாக நின்றது. “யாராவது நீவி விடுறாங்களா, நெட்டி முறிக்காங்களா?” என்று எழுதிக்கொண்டே கேட்டார். இவன் சிரித்துக்கொண்டே மிதியைச் சொன்னான். டாக்டரின் பேனா நின்றது. “எத்தன வருஷமா?” பதினேழு. “இந்தா பாருங்க. இது மிதிச்சதால வந்ததில்ல. ரத்தத்துலயே உள்ள சீக்கு. உங்க வீட்டம்மா மிதிக்காட்டாலும் இப்படித்தான் ஆயிருக்கும். ஆனா இனிமே ஒரு மிதி ஆகாது. இந்த எலும்பு ஒடிஞ்சா ரெண்டு காலும் போயிரும்.” அப்புறம் மிதித்தால் ஏன் வலி விட்டது என்பதையும் அந்த மனுஷன் சொன்னார். இந்த வலி படுத்தால் கூடும், எழுந்து நடந்தால் குறையும். மிதி வாங்கியவன் எழுந்து நடந்தான், நடந்ததால் விட்டது. நடைக்குச் சேரவேண்டிய பேரைப் பதினேழு வருஷமாகக் கால் வாங்கிக்கொண்டிருந்தது. சொன்னால் சிரிப்பாள் என்று ஆஸ்பத்திரிப் படியில் நினைத்தான். வீட்டுக்கு வந்ததும் சொல்லவில்லை. எதற்குச் சொல்லவில்லை? இன்றைக்கு வேண்டாம், களைப்பாக இருக்கிறது என்று மட்டும் சொல்லிவிட்டுப் படுத்துக்கொண்டான். ரத்தத்தில் இருக்கிறது என்றால் அவன் யாரைப் போய் அடிப்பான்? செத்துப்போன அப்பாவையா? அன்றைக்கு ராத்திரி முழுக்க அடிக்க ஆள் தேடிக்கொண்டே கிடந்தான்.

ஆள் கிடைத்தாள். நேற்று சாயங்காலம் செருப்பைக் கழற்றக் குனிய முடியாமல், ஒரு காலால் இன்னொரு காலை மிதித்துக் கழற்றப் போய், தடுமாறிக் கதவில் மோதினான். “ரெண்டு நாளா மிதிக்கலல்லா, அதான். வாங்க, படுங்க, மூணு மிதி வச்சு விடுதேன்.” வேண்டாம் என்று சொல்ல வாய் இருந்தது. உடம்புக்குப் பதினேழு வருஷப் பழக்கம், அது பாட்டுக்கு நிலைப்படியில் குப்புறப் படுத்துவிட்டது. மேலே கம்பியைப் பிடிக்கிற வளையல் சத்தம். அவள் சேலை அசைந்த காற்று முதுகில் பட்டது. அந்த நொடி அவனுக்குள் மூங்கில் கழி படாரென்று ஒடிகிற சத்தம் கேட்டது, இரண்டு காலும் துணிபோலத் தொங்குவது தெரிந்தது, பயத்தில் தொண்டை கிழியக் கத்தினான். “கால எடுட்டி! நீ மிதிச்சு மிதிச்சுத்தான் எம் முதுகெலும்பு இப்படி ஒட்டிப்போச்சு! டாக்டரே சொல்லிட்டாரு! கொன்னுட்டியேட்டி என்ன!” குப்புறக் கிடந்தவனுக்கு அவள் முகம் தெரியாது. கண்ணுக்கு நேரே தரையில் அவளுடைய வலது கால் மட்டும் தெரிந்தது, விரலெல்லாம் தரையைக் கவ்விப் பிடித்திருந்தன. தூக்கின இடது கால் எங்கோ மேலே நின்றது. ரொம்ப நேரம் நின்றது. பிறகு மெதுவாக இறங்கி, வலது காலுக்குப் பக்கத்தில், பாதம் பதியாமல் ஓரத்தை மட்டும் ஊன்றி நின்றது, தரைக்கும் அதனால் கேடு வந்துவிடும் என்பதுபோல. அப்புறம் கக்கத்தில் கை கொடுத்து அவனைத் தூக்கிவிட்டதும் அவள்தான். மிதிக்கிற ஆள் வாயைத் திறக்கக் கூடாது.

இஞ்சி தட்டுகிற சத்தம் நின்றிருந்தது. எப்போது நின்றது? காலைத் தொங்கவிடு, முழங்கையை ஊன்று, தள்ளு. கால் கட்டிலுக்கு வெளியே போனது, முழங்கை ஊன்றியது, தள்ளுவது மட்டும் பாக்கி. கத்திச் சொல்லிவிடலாமே இங்கிருந்தே. “எப்சி” என்று கூப்பிட்டுப் பார்த்தான். ஒன்றரை விரற்கடை மூச்சில் எவ்வளவு சத்தம் வரும், கட்டிலைத் தாண்டவில்லை. பஸ் ஸ்டாண்டில் மைக்கு இருக்கிறது, நாசரேத்து, திருச்செந்தூர், ஆழ்வார்குறிச்சி என்று ஊர் பேர் கூப்பிடுகிற வேலை, ஸ்டியரிங்கைப் பிடுங்கிக்கொண்டு அதைத்தான் கொடுத்தார்கள். பிடுங்காமல் என்ன செய்வார்கள்? போன கார்த்திகையில் இடது பக்கம் வந்த மோட்டார் பைக்கைப் பார்க்கக் கழுத்து திரும்பவில்லை. கழுத்து திரும்பி, தோள் திரும்பி, ஆளே திரும்புவதற்குள் பைக் பஸ்ஸின் கீழே கிடந்தது. அந்தப் பையன் பிழைத்துக்கொண்டான், முழங்கைதான் உரிந்தது. ஆனால் கூட்டம் இவனைச் சீட்டிலிருந்து இழுத்துப் போட்டு அடித்தது. அடிக்கிறவன் கையைத் தடுக்கலாம், குனிந்து முகத்தை மறைக்கலாம், எந்த மனுஷனுக்கும் தெரிந்த வித்தை அது. இவன் நெட்டுக்குத்தலாக நின்று ஒவ்வொரு அடியையும் மூஞ்சியில் வாங்கினான். “என்ன திமிரு பாருல, குனியமாட்டேங்கான்” என்று அதற்கு இன்னும் நாலு கூடுதலாக விழுந்தது. அன்றைக்கு வீட்டுக்கு வந்தபோது ரத்தத்தைத் துடைத்தவள் “எவன் அடிச்சது, சொல்லுங்க, அவன் முதுகுல ஒரு மிதி மிதிச்சிட்டு வாரேன்” என்றாள். உதடு கிழிந்திருந்ததால் சிரிக்க முடியாமல் சிரித்தான். அந்தக் காலைத்தான். சவத்து மூதி, அந்தக் காலைத்தான் சொல்லியிருக்கிறான். தள்ளினான். உட்கார்ந்துவிட்டான்.

அப்போது அந்தச் சத்தம் கேட்டது. இஞ்சிச் சத்தம் அல்ல. கனமான கல் ஒன்று மெத்தென்ற எதன்மேலோ விழுந்த சத்தம், கூடவே மூக்கால் இழுத்த ஒரு மூச்சு. தேங்காய் உடைக்கிறாளா? தேங்காய் உடைந்தால் உடைந்த சத்தம் கேட்கும். “ஏட்டி, என்ன சத்தம்?” இந்தத் தடவை குரல் போய்ச் சேர்ந்தது. “ஒண்ணுமில்ல. படுங்க.” அந்தக் குரலை அவனுக்குத் தெரியும். கேட்டிருக்கிறான், தினமும் கேட்கிறான், ஆனால் அவளிடமிருந்து இல்லை. பல்லைக் கடித்துக்கொண்டு, மூச்சை எங்கேயோ முடிந்துவைத்துக்கொண்டு, ஒன்றுமில்லை என்று சொல்கிற குரல். அது அவனுடைய குரல். எழுந்திரு. தொடையில் கை ஊன்று. முன்னால் சாய முடியாதவன் எப்படி எழுந்திருப்பது என்று அந்தப் பெண் ஒரு மணி நேரம் சொல்லிக்கொடுத்தாள், காலைப் பின்னால் இழுத்து வைங்க சார், கட்டில் கம்பியைப் பிடிங்க சார், வலியைச் சண்டைக்குக் கூப்பிடாதீங்க சார், பைய. பையவாவது மண்ணாவது. கம்பியைப் பிடித்து ஒரே இழுப்பாக இழுத்தான். இடுப்பில் இரண்டு பக்கமும் நெருப்பு வைத்தார்கள். கண் இருண்டது. விழக் கூடாது, விழுந்தால் மூங்கில் ஒடியும், ஒடிந்தால் அடுக்களை எங்கேயோ இவன் எங்கேயோ. சுவரில் போய் முதுகைச் சாய்த்தான், தினமும் அங்கேதான் நின்று பார்ப்பான், குதிகால் சுவரில் பட வேண்டும், இடுப்பு பட வேண்டும், தோள் பட வேண்டும், தலை மட்டும் படாது, பின்னந்தலைக்கும் சுவருக்கும் அஞ்சு விரல் இடைவெளி. எப்சிபாதான் விரலை வைத்து அளப்பாள். “நேத்து அஞ்சு, இன்னைக்கு நாலு” என்று பொய் சொல்வாள். விரலை அகட்டி வைத்துக்கொண்டு சொல்கிற பொய். அவள் சொன்ன பொய்யும் அவன் சொன்ன பொய்யும்.

சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்தான். ஒண்ணு, ரெண்டு, மூணு. முதல் அஞ்சு எட்டுத்தான் கொலைகாரன், அதற்குப் பிறகு மூட்டு கொஞ்சம் மனசிரங்கும். நாலு. அஞ்சு. ஆறாவது எட்டில் மறுபடியும் அந்தச் சத்தம் விழுந்தது, கல், மெத்தென்று, இந்தத் தடவை மூச்சோடு சின்னதாக ஒரு முனகல், உடனே அதை விழுங்கின சத்தம். ரெண்டு, என்று அவன் வாய் சொன்னது. எட்டை எண்ணிக்கொண்டிருந்த வாய் ஆறு என்றுதான் சொல்லியிருக்க வேண்டும். ரெண்டு என்றது. பதினேழு வருஷமாக எண்ணின வாய், அதற்கு முன்னாலேயே தெரிந்துவிட்டது. அவனுக்கு அப்புறம்தான் தெரிந்தது. கர்த்தாவே. இடது கால். மூன்று. கூடவும் கூடாது, குறையவும் கூடாது. அவன் ஓடினான். அதை ஓட்டம் என்று யாரும் சொல்லமாட்டார்கள், சுவரில் தோளைத் தேய்த்துக்கொண்டு ஒரு கதவு தானாகக் கழன்று நடந்துபோன மாதிரி இருந்திருக்கும், ஆனால் அவன் ஆயுசில் அவ்வளவு வேகமாகப் பஸ்கூட ஓட்டியதில்லை. அடுக்களை நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றான். கட்டின பை வாசல் பக்கம் தயாராக இருந்தது. அடுப்பில் இஞ்சி போட்ட காப்பி கொதித்துக்கொண்டிருந்தது. அவள் தரையில் உட்கார்ந்து இடது காலை நீட்டியிருந்தாள். பெருவிரலும் அடுத்த விரலும் விரலாக இல்லை. நகம் ஒன்று பிளந்து நின்றது, ரத்தம் தரையின் சரிவில் மெதுவாகச் சாக்கடை ஓட்டையைத் தேடிப் போய்க்கொண்டிருந்தது. அம்மிக் குழவியை இரண்டு கையாலும் தூக்கிப் பிடித்திருந்தாள். முகம் நனைந்திருந்தது, அது கண்ணீரா வேர்வையா என்று தெரியவில்லை.

“கீழ போடுட்டி” என்றான். அவள் கேட்கவில்லை. காலை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தாள். “டாக்டரு உன்னச் சொல்லல. நாந்தான் சொன்னேன். நீ மிதிக்காட்டாலும் இப்படித்தான் ஆயிருக்கும்னு சொன்னாரு. ரத்தத்துலயே உள்ளதாம். நான் அத விழுங்கிட்டேன், எப்சி. ஒடிஞ்சிருமோன்னு பயம். யாரையாவது அடிக்கணும்போல இருந்துச்சு, நீ பக்கத்துல நின்ன.” குழவி இறங்கவில்லை. “என் மனசு நோவாம இருக்கச் சொல்லுதீங்க” என்றாள் காலைப் பார்த்தே. “ஏழு வயசுலருந்து எத்தன பேர மிதிச்சிருக்கேன். எத்தன முதுகு ஒட்டிச்சோ.” கை இன்னும் கொஞ்சம் மேலே போனது. குனிந்து பிடுங்க வேண்டும். ஒரே ஒரு தடவை, இந்த ஒரே ஒரு தடவை குனிந்தால் போதும், கை எட்டிவிடும். குனிந்தான். எங்கே குனிந்தான், மனசுதான் குனிந்தது, பலகை அப்படியே நின்றது. இந்த உடம்பில் கீழே போகிற ஒரே சாமான் கால்தான். நிலையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, இடது காலைத் தூக்கி, அந்த நைந்த விரல்கள்மேல், அவளுடைய பாதத்தின்மேல், பூனைக்குட்டியை மிதித்துவிடக் கூடாதென்று வைப்பதுபோல, கொண்டுபோய் வைத்தான். ரத்தம் சூடாக இருந்தது. குழவி விழுந்தால் இனி அவன் கால்மேல்தான் விழ வேண்டும். “மூணு” என்று வாய்விட்டுச் சொன்னான். “எண்ணியாச்சு. கூடவும் கூடாது.”

அவள் முதல் தடவையாக நிமிர்ந்து அவனைப் பார்த்தாள். குழவி மெதுவாக இறங்கி, தரையில் உட்கார்ந்து, உருண்டு அடுப்புத் திண்டில் முட்டி நின்றது. காப்பி பொங்கி அடுப்பை அணைத்தது. இரண்டு பேரும் அசையவில்லை. தெருக்கோடியில் ஆறு பத்து பஸ் ஒரு தடவை ஆரன் அடித்துவிட்டுப் போனது, அவன் ஓட்டின நாட்களில் அடித்த அதே இடத்தில். அவள் வாய் கோணியது, ஏழு வயசுப் பிள்ளை அழப்போகிற மாதிரி.

“நவுருங்க” என்றாள். “வலிக்கு.”

பதினேழு வருஷத்தில் அந்த வீட்டில் அவனைத் தவிர வேறொருவர் அந்த வார்த்தையைச் சொல்லி அவன் கேட்டது அதுதான் முதல் தடவை.